ரப்பர் மூடிக்கு வைத்த பொட்டு

கீழ்வீட்டு அக்காவுக்குக் கோபம் வர ஒரே ஒரு சொல் போதும். ‘இல்லை’ என்ற சொல். உண்மையிலேயே இல்லாததை இல்லை என்று சொன்னால் அவள் பேசாமல் போய்விடுவாள். தலையைத் திருப்பிப் பார்க்காமல், கையை நீட்டித் துழாவாமல், வாயிலிருந்து தானாக வந்து விழும் ‘இல்லை’தான் அவளுக்கு ஆகாது. நம் ஊரில் பாதிக் காரியம் அந்த ‘இல்லை’யால்தான் நடக்காமல் கிடக்கிறது என்பது இன்றைக்கு எனக்கும் தெரியும். அன்றைக்கு அவள் எனக்கு ஒரு சண்டைக்காரி, அவ்வளவுதான்.

சென்னையை ஒட்டிய பொழிச்சலூரில் நாங்கள் மாடியில் குடியிருந்தோம். அவள் கீழே, கேட்டை ஒட்டிய ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். நாற்பது வயதிருக்கும். திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வண்டிகளுக்கு வயர் கட்டும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. நீளமான பலகையில் முளைகள் அடித்திருக்கும்; முளைக்கு முளை வயரை இழுத்து, கிளை கிளையாகப் பிரித்து, கறுப்பு டேப் சுற்றிக் கட்டி அனுப்ப வேண்டும். அது பிறகு ஏதோ ஒரு வண்டியின் வயிற்றுக்குள் போய்விடும். டேப்பை அவள் விரலாலேயே கிள்ளி அறுப்பாள். கத்தரிக்கோல் தேடி அவளை நான் பார்த்ததில்லை. பெயர் எனக்குத் தெரியும், எழுதப் போவதில்லை. கேட்காமல் எப்படி எழுதினாய் என்று எங்கிருந்தாவது கிளம்பி வந்து நிற்பாள்.

ஒருநாள் பம்மலில் மருந்துக் கடைக்கு அவளோடு போயிருந்தேன். தைராய்டு மாத்திரை கேட்டேன். கடைக்காரர் செல்போனைப் பார்த்துக்கொண்டே, “இல்ல மேடம்” என்றார். நான் திரும்பிவிட்டேன். அக்கா நகரவில்லை.

“சார், நீங்க திரும்பவே இல்லியே. பின்னால இம்மாம் பெரிய அலமாரி கீது. இல்லன்னு உங்களுக்கு யார் சொன்னது, போனா?”

“ஸ்டாக் இல்லம்மா.”

“இல்லன்னு சொல்லாதீங்க. தெரியலன்னு சொல்லுங்க. நாங்க போய்கினே இருப்போம்.”

வரிசையில் நின்ற நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் எரிச்சலோடு எழுந்து போய் இரண்டாவது தட்டிலிருந்து எடுத்து வந்து மேசைமேல் போட்டார். கடையை விட்டு வெளியே வந்ததும், இப்படியா மானத்தை வாங்குவீர்கள் என்று அக்காவிடம்தான் கோபப்பட்டேன். அந்த ஆளிடம் வந்திருக்க வேண்டிய கோபம் அது. அப்படித்தான் நம்மைப் பழக்கி வைத்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டிலேயே ஒருநாள் விவகாரமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தண்ணீர் மோட்டார் விஷயமாகப் பேச மேலே வந்தாள். காபி போடச் சோம்பல்பட்ட என் மாமியார், “காபி குடுக்கலாம்னா தூள் தீர்ந்து போச்சும்மா” என்றார். அடுப்புக்குப் பக்கத்திலேயே டப்பா திறந்து கிடந்தது, கழுத்துவரை தூளோடு.

“கீதேம்மா” என்றாள் அக்கா, சாதாரணமாக. “குடுக்க மனசு இல்லன்னு சொல்லுங்க. நான் இன்னா கோச்சிக்கவா போறேன்?”

அவள் உண்மையிலேயே கோபித்துக்கொள்ளவில்லை. மோட்டார் விஷயத்தைப் பேசி முடித்துவிட்டுத்தான் போனாள். மாமியார்தான் அதன் பிறகு ஆறு மாதம் மாடிப்படியில் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இதைப் படித்தால் இப்போதும் திருப்பிக்கொள்வார்.

அவள் காலி செய்துகொண்டு போன அன்றும் இதே கதைதான். கம்பெனியை ஒரகடம் பக்கம் மாற்றிவிட்டார்கள். அவளும் கூடவே போனாள். சாமான் ஏற்ற வந்த மினி லாரிக்காரர் பீரோவைத் தூரத்திலிருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இது ஏறாதுக்கா” என்றார். தூக்கிப் பார்த்தாயா, சாய்த்துப் பார்த்தாயா, அளந்து பார்த்தாயா என்று அவரைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் பீரோ ஏறியது. அதன்மேல் மெத்தையும் ஏறியது. போகிற அவசரத்தில் என்னிடம் சரியாகச் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. நான்கு வருடம் ஆகிறது. அவள் நம்பர் மாறிவிட்டது போலிருக்கிறது.

எனக்கு அவள் செய்ததைச் சொல்ல வேண்டும். அதற்கு என் சைக்கிளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எனக்கு ஸ்கூட்டர் வராது. ஒரே ஒரு முறை கற்றுக்கொள்ளப் போய் அடுத்த வீட்டு மதிலில் மோதியதோடு அந்த ஆசை தீர்ந்தது. எனக்கும் திருமுடிவாக்கத்தில்தான் வேலை, இரும்புச் சாமான் செய்யும் ஒரு கம்பெனியின் ஆபீசில். பல வருடம் கம்பெனி வேனில் போய் வந்தேன். வேன் வரும்வரை தெருமுனையில் நிற்க வேண்டும். வேன் கிளம்பும்வரை ஆபீசில் உட்கார வேண்டும். நடுவில் இறங்கி நாலு தக்காளி வாங்க முடியாது. பிறகுதான் எலக்ட்ரிக் மவுண்டன் பைக் வாங்கினேன். மலைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று எல்லோரும் சிரித்தார்கள். பம்மலில் இருந்து திருநீர்மலை வழியாகத் திருமுடிவாக்கம் போகிற ரோட்டில் மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும். அந்தத் தடித்த டயரும் முன்னால் இருக்கிற ஸ்பிரிங்கும் அந்த ரோட்டுக்கென்றே செய்தவை. லைசென்ஸ் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், யாருக்காகவும் காத்து நிற்க வேண்டாம். வாழ்க்கையில் முதல்முறையாக நான் நினைத்த நேரத்துக்கு நினைத்த இடத்தில் இறங்கினேன்.

ஒரே குறை, அதில் விளக்கு இல்லை. வாங்கும்போதே ஷோரூமில் கேட்டேன். டை கட்டிய பையன் சிரித்துக்கொண்டே, “இந்த மாடல்ல லைட் ப்ரொவிஷனே கிடையாது மேம். அது டாப் மாடல்ல மட்டும்தான். நீங்க கிளிப் லைட் ஒண்ணு வாங்கி மாட்டிக்குங்க” என்றான். சரி என்று தலையாட்டினேன். முதல் கிளிப் லைட்டை ஆபீஸ் வாசலில் யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். இரண்டாவதற்குள் மழைத்தண்ணீர் போனது. மூன்றாவதற்குச் சார்ஜ் போட மறந்துவிட்டேன். ஒரு டிசம்பர் மாதம் சாயங்காலம் ஆறே முக்காலுக்கு, பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டி மூடாமல் விட்டிருந்த குழிக்குள் சைக்கிளோடு இறங்கினேன். தாடையில் நான்கு தையல்.

என் வீட்டுக்காரர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார்: “லைட்டே இல்லாத வண்டி. உன்னை அனுப்பிட்டு நான் எப்படி நிம்மதியா இருக்கிறது? வித்துடலாம். பழையபடி வேன்ல போ.” தையல் போட்ட தாடையை வைத்துக்கொண்டு என்ன பேசுவது? போட்டோ எடுத்து, விற்பனைக்கு என்று ஆன்லைனில் போட்டார். வண்டலூரிலிருந்து ஒருவர், ஞாயிற்றுக்கிழமை காலை வந்து பார்த்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானம் கேட்டுக்குப் பக்கத்தில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது, அதை மறைக்க அழுத்தித் தேய்த்தேன். அக்கா வேலை முடிந்து வந்தாள்.

“இன்னாத்துக்கு இந்தத் தேய்ப்பு? வண்டியப் பொண்ணு பாக்க வராங்களா?”

“விக்கிறோம்க்கா. லைட் இல்ல. இருட்டுல ஓட்ட முடியல.”

சொன்ன பிறகுதான் யாரிடம் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

“லைட்டு இல்லன்னு யார் சொன்னது?”

“ஷோரூம்ல சொன்னாங்க. இந்த மாடல்ல கிடையாதாம்.”

“கயட்டிப் பாத்துட்டுச் சொன்னானா?”

“அவங்க கம்பெனி வண்டிக்கா. அவங்களுக்குத் தெரியாதா?”

“கயட்டிப் பாத்தானான்னு கேட்டேன்.”

பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே குந்தி உட்கார்ந்தாள். பேட்டரி மாட்டுகிற இடத்திலிருந்து ஆரம்பித்து, சட்டத்தின் அடிக்குழாயைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே மேலே போனாள். பிரேக் கேபிள் உள்ளே நுழையும் ஓட்டையைப் பார்த்தாள். ஹேண்டிலுக்குக் கீழே முன்பக்கக் குழாயில் விரல் வந்து நின்றது.

“இது இன்னா?”

“சந்தனம்க்கா. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வைப்பேன்.”

சின்னதாகத்தான் வைப்பேன். ஆனால் பழையதைத் துடைக்க மாட்டேன், சாமிக்கு வைத்ததை எப்படித் துடைப்பது என்று அதன்மேலேயே வைப்பேன். இரண்டு வருடத்து வெள்ளிக்கிழமைகள் சேர்ந்து, எட்டணா அகலத்துக்குக் காய்ந்து கெட்டியாக இருந்தன. மேலே குங்குமம். அக்கா நகத்தால் சுரண்டினாள். சுரண்டச் சுரண்ட அடியில் கறுப்பாக ஒரு ரப்பர் தெரிந்தது. வட்டமான சின்ன மூடி. என் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை அவளே உருவி, ஓரத்தில் கொடுத்து நெம்பினாள். மூடி துள்ளி வந்து என் காலடியில் விழுந்தது. ஓட்டைக்குள் விரலை விட்டு, மடித்துச் செருகியிருந்த ஒரு வயரை ஒரு சாண் நீளத்துக்கு வெளியே இழுத்தாள். முனையில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

“ரெண்டு வருசமா மூடிக்குப் பூசை பண்ணிகினு இருந்திருக்க” என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. டேப் சுற்றிய முனையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏன் இப்படிப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

“இங்க பாரு, இது எங்க கம்பெனி இல்ல. ஆனா எங்கள மாதிரி ஒருத்தி கட்டுனது. முனைய மடிச்சு, ரெண்டு சுத்து கீழ, ஒரு சுத்து மேல. நாங்களும் இப்டித்தான் கட்டுவோம்.”

“எதுக்குக்கா கட்டணும்? வயரே போடாம விட்டுடலாமே?”

“அதெப்டி? வெல ஜாஸ்தி வண்டிக்கும் கம்மி வண்டிக்கும் தனித்தனியா பலகையா போடுவாங்க? ஒரே வயர்தான். வெல ஜாஸ்தின்னா முனையில லைட்டு மாட்டுவான். கம்மின்னா முனைய மடிச்சு டேப் போடுன்னுவான். பதினோரு வருசமா அதான் என் வேல. கீறத இல்லாத மாதிரி கட்டணும். கைக்கே தெரியக் கூடாது. சூப்பர்வைசர் வந்து தடவிப் பாத்துட்டு, சூப்பர்க்கா, சுத்தமா கீதுன்னுவான்.” டேப்பைக் கிள்ளிப் பிய்த்தாள். “நல்லா கட்டுறேன்னு எனக்குத் தீபாவளிக்குக் குத்துவெளக்கு குடுத்தாங்க. வூட்டுல கீது. ஏத்துறதே இல்ல.”

அவள் கடைக்காரர்களிடம் கத்துவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அந்தக் கோபம் அவள் மேலேயே திரும்புவதைப் பார்த்தேன். நீங்கள் என்னக்கா பண்ணுவீர்கள், சொன்னதைச் செய்கிறீர்கள் என்றேன்.

“ஆமா. ஷோரூம்காரனும் சொன்னதத்தான் சொல்லிகினு கீறான், டை கட்டிகினு. உன் தாடையில தையலு.”

உள்ளே போய்க் கரண்ட் பார்க்கும் மீட்டர் எடுத்துக்கொண்டு வந்தாள். கம்பெனியில் ஓரம் கட்டிய பழைய மீட்டர். வயரின் சிவப்பு, கறுப்பு இரண்டு நுனியையும் சுரண்டி மீட்டர் ஊசிகளை வைத்தாள். பூஜ்யம். பேட்டரியை ஆன் செய்யச் சொன்னாள். அப்போதும் பூஜ்யம்.

“அப்போ இல்லதானேக்கா…”

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மருந்துக் கடைக்காரரைப் பார்த்த அதே பார்வை.

“வயர் கீது. கரண்டு இன்னும் வரல. அவ்ளோதான் நமக்குத் தெரியும். புக்கு எங்க?”

“எந்த புக்?”

“வண்டியோட குடுத்திருப்பானே.”

புத்தகம் பூஜை அலமாரியில் இருந்தது. பில்லோடு சேர்த்து, வந்த பிளாஸ்டிக் உறையிலேயே, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி வைத்திருந்தேன். கொண்டு வந்து கொடுத்தேன். உறையின் ஒட்டுக்கூடப் பிரியவில்லை.

“பிரிக்கவே இல்லியா?”

நான் அவசரமாக ஒட்டை நகத்தால் கீறிப் பிரித்தேன்.

“எனக்குத்தான் இங்கிலீசு வராது. நீ காலேஜு படிச்சவதான? ஆபீசுல கடுதாசி எழுதுறவதான? அவன் இல்லன்னான், நீயும் இல்லன்னுட்ட. ரெண்டு வருசம் இருட்டுல ஓட்டிகினு போய்க் குழில வுயுந்த. புக்கு சாமிகிட்ட பத்திரமா கீது!”

தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. என் தரப்பில் ஒரு நியாயமும் இல்லை, அதனால் வாயை மூடிக்கொண்டு படியில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். பொடி எழுத்து. இருபத்தெட்டாம் பக்கத்தில் இருந்தது. முன்விளக்குக்கான வயர் சட்டத்துக்குள் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. ஹேண்டிலில் இருக்கிற டிஸ்பிளேயில் ப்ளஸ், மைனஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஒரு மெனு வரும். அதில் விளக்கு என்ற இடத்தில் பூஜ்யத்தை ஒன்றாக மாற்ற வேண்டும். பிறகு ப்ளஸ்ஸை மட்டும் அழுத்திப் பிடித்தால் கரண்ட் வரும். ஆறு வோல்ட் விளக்கு மட்டுமே மாட்ட வேண்டும் என்று கொட்டை எழுத்தில் ஓர் எச்சரிக்கை. எல்லாம் அச்சடித்து என் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அந்த ஷோரூம்காரனை நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பக்கம் திருப்பிப் பார்த்திருந்தால் போதும். அவனும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

சொன்னபடி அழுத்தினேன். மீட்டரில் ஆறு வந்து நின்றது.

“கீது” என்றாள் அக்கா.

அன்று சாயங்காலமே இருவரும் பல்லாவரம் போனோம். முதல் சைக்கிள் கடைக்காரர் ஆறு வோல்ட் விளக்கு என்றதும் உள்ளே போனார். ஏணி போட்டு ஏறி, நான்கு அட்டைப்பெட்டிகளை இறக்கி, ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, சட்டையெல்லாம் தூசியோடு வந்து, “இல்லம்மா, எல்லாம் பன்னண்டு வோல்ட்டா கிடக்கு” என்றார். நான் பயந்துகொண்டே அக்காவைப் பார்த்தேன்.

“சரிப்பா. இவ்ளோ தேடுனியே, தேங்க்ஸு” என்றாள், அவ்வளவு மென்மையாக. அந்தக் குரல் அவளிடம் இருக்கிறதென்றே எனக்கு அதுவரை தெரியாது. விளக்கு அடுத்த கடையில் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே உட்கார்ந்து மாட்டினாள். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. முறுக்கி, ஈயத்தால் பற்ற வைத்து, இழுத்துப் பார்த்தாள். டேப் சுற்றும் நேரம் வந்ததும் கறுப்பை எடுக்கவில்லை. மஞ்சள் டேப்பை எடுத்தாள். வயரையும் உள்ளே செருகாமல், குழாயின்மேல் வெளியே தெரியும்படி ஓட்டி நாலு இடத்தில் கட்டினாள். அசிங்கமாகத் தெரியாதா அக்கா என்று கேட்டேன். “தெரியட்டும்” என்றாள்.

வண்டலூர்க்காரர் பத்தரைக்கு வந்தார். நல்ல மனிதர், காலேஜில் படிக்கும் மகளுக்காகக் கேட்டார். வீட்டுக்காரர் அவரைக் கேட்டுக்கு அழைத்து வந்தபோது நான் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். ப்ளஸ்ஸை அழுத்திப் பிடித்தேன். பகல் வெளிச்சத்திலும் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

“என்னங்க, லைட் இருக்கு. வண்டியிலேயே இருந்திருக்கு” என்றேன்.

என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. எனக்கும் மலர்ந்தது. அவர் என்னைக் கொஞ்சம் ஓரமாக இழுத்து, காதருகே சொன்னார்: “சூப்பர்! அப்போ ரேட்டை இன்னும் கொஞ்சம் ஏத்திச் சொல்லலாம்.”

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது கோபம் தலைக்கு ஏறியது.

“லைட் இல்லன்னுதானே விக்கலாம்னு சொன்னீங்க?”

“அது ஒரு காரணம்மா. மழை இருக்கு, லாரி இருக்கு. வேன்னா ஒரு பாதுகாப்பு. அவர் எதிர்ல எதுக்கு இதெல்லாம்?”

அப்படியென்றால் விளக்கு ஒரு சாக்கு. அது இருந்தாலும் விற்பார், இல்லாவிட்டாலும் விற்பார். குழியைத் தோண்டிவிட்டு மூடாமல் போனவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொய் சொல்லி விற்ற ஷோரூமுக்கு ஒரு போன் போடவில்லை. என் சைக்கிளை மட்டும் விற்க வேண்டும். நான் மட்டும் பழையபடி தெருமுனையில் போய் நிற்க வேண்டும்.

“சார், மன்னிச்சுக்குங்க” என்றேன் வண்டலூர்க்காரரிடம். “இது விக்கிறதுக்கு இல்ல. இது என்னோட வண்டி. உங்க பொண்ணுக்கு இதே மாடல் வாங்குங்க, நல்ல வண்டி. ஹேண்டிலுக்குக் கீழ ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதைத் திறந்து பாக்கச் சொல்லுங்க.”

வீட்டுக்காரர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் அதற்குள் கேட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு வந்து ஏறிவிட்டேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. கொடியில் புடவை உலர்த்திக்கொண்டிருந்த அக்கா, நடந்தது ஒன்றும் தெரியாமல், பின்னாலிருந்து கத்தினாள்.

“இந்தாம்மே! பட்டப்பகல்ல இன்னாத்துக்கு லைட்டு? ஆஃப் பண்ணு!”

நான் அணைக்கவில்லை. பம்மல்வரை எதிரே வந்த ஆட்டோக்காரர், தண்ணீர் லாரிக்காரர், பைக்கில் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு வந்தவர், எல்லோரும் விரல்களைக் குவித்துக் குவித்து விரித்து, லைட் எரிகிறது, லைட் எரிகிறது என்று ஜாடை காட்டிக்கொண்டே போனார்கள். தெரியும், தெரியும் என்று ஒவ்வொருவருக்கும் தலையாட்டிக்கொண்டே நான் ஓட்டினேன்.